நூலும் நூல்கோலும்: மலை வீட்டில் காய்கறித் தோட்டம், ஸ்வெட்டர் பின்னல் – முழுமையான வழிகாட்டி

முதல் உறைபனி விழுந்த அன்று காலையில் நடுங்கிக்கொண்டே கடைக்குப் போய் நூல் வாங்கி வந்தவன் நான். பத்து நாளில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. பின்னி முடித்தபோது ஏப்ரல். சமவெளியிலிருந்து மாம்பழம் வரத் தொடங்கியிருந்தது. அதே வருடம் தோட்டத்தில் 40 முட்டைக்கோஸ் நாற்றுகளை ஒரே நாளில் நட்டேன். நாற்பதும் ஒரே வாரத்தில் முற்றின. அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்று கோணியில் தூக்கிக்கொண்டு போனால், போன வீட்டிலெல்லாம் அவர்கள் தோட்டத்துக் கோஸில் ஒன்றை என் கையில் திணித்து அனுப்பினார்கள்.

இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான்: காலம் பார்க்காதது. மலையில் மண்வேலைக்கும் பின்னல் வேலைக்கும் தனித்தனி காலண்டர் கிடையாது. வெயில் நாள் மண்ணுக்கு, மழை நாள் ஊசிக்கு. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

நான் எழுதுவது நீலகிரியை, அதிலும் குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே உள்ள கேத்திப் பக்கத்தை வைத்து. கேரட்டுக்குப் பேர்போன பள்ளத்தாக்கு இது. பலருக்குத் தெரியாத இன்னொரு பெருமையும் உண்டு. 'போனி' என்ற பெயரில் ஊசிகள் செய்கிற நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை, 1949-இல் தொடங்கப்பட்ட நிறுவனம், இதே கேத்தியில்தான் இருக்கிறது. கேரட் விளையும் பள்ளத்தாக்கிலேயே பின்னல் ஊசியும் செய்கிறார்கள். தலைப்பில் இருக்கும் நூல்கோலுக்கும் நூலுக்கும் உறவில்லைதான். 'நோல் கோல்' என்ற ஐரோப்பியப் பெயரை நம் வாய் அப்படித் திருத்திக்கொண்டது. ஆனாலும் நூலும் கோலும் சேர்ந்த பெயர் ஒரு காய்க்கு அமைந்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிப்ரவரி, மார்ச்: மண்ணைத் தயார் செய்வது

பனி குறையத் தொடங்கியதும் மண்வெட்டியை எடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு சென்ட் போதும். இரண்டு சென்ட் இருந்தால் தாராளம். அதற்கு மேல் போனால் அது தோட்டம் இல்லை, விவசாயம். மழை நாளில் பின்ன நேரம் இருக்காது.

சரிவான நிலமாக இருந்தால் சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்டால் ஜூன் மழை மேல்மண்ணை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பாத்தி 3 அடி அகலம், அரை அடி உயரம். இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், பாத்திமேல் கால் படக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

நீலகிரி மண் புளிப்பு மண். மழை அதிகம் பெய்யும் மலையில் சுண்ணாம்புச் சத்து கரைந்து ஓடிவிடுவதால் அமிலத்தன்மை கூடிவிடுகிறது. தேயிலைக்கு அது கொண்டாட்டம். முட்டைக்கோஸ், பீட்ரூட், பட்டாணிக்குத் திண்டாட்டம். முட்டைக்கோஸ் வேர் கட்டி கட்டியாக வீங்கி, செடி நடுப்பகலில் துவண்டு நின்றால் அது வேர்முடிச்சு நோய். புளிப்பு மண்ணில்தான் அது தலைதூக்கும். ஒருமுறை மண்பரிசோதனை செய்துவிடுவது நல்லது. பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கொத்திவிட்டு, இரண்டு மூன்று வாரம் ஆறவிடுங்கள். அதற்குப் பிறகுதான் தொழு உரம், சதுர மீட்டருக்கு 3 கிலோ வரை. இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் உரத்தில் இருக்கும் தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிப் போய்விடும். முதல் வருடம் நான் அப்படித்தான் கலந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

உரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் போட்ட பாத்தியில் கேரட் இரண்டு காலும் மூன்று காலுமாகப் பிரிந்து வளரும்.

எதை, எவ்வளவு விதைப்பது

இங்கே நடுவதற்கு மூன்று போகம் உண்டு: ஜனவரி–பிப்ரவரியில் பாசனத்தை நம்பி, மார்ச்–ஏப்ரலில் கோடை மழையை நம்பி, ஆகஸ்ட்–செப்டம்பரில் வடகிழக்குப் பருவமழையை நம்பி. இது முக்கியமாக உருளைக்கிழங்குக் கணக்கு. சமையலறைத் தோட்டத்துக்கு இன்னொரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள்: எதையும் ஒரே நாளில் முழுசாக விதைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு வரிசை கேரட், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நான்கு கோஸ் நாற்று. என் 40 கோஸ் கற்றுத்தந்த பாடம்.

கேரட்டை நாற்று விட்டு நடக் கூடாது, பிடுங்கி நட்டால் வேர் கோணிவிடும். நேராக விதைத்து, மெல்லிய மண் தூவி, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். முளைக்க 10 முதல் 15 நாள் ஆகும். அதுவரை மண் காயக் கூடாது. முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். அப்புறம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கலைத்துவிடுங்கள், செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி. பாவம் பார்த்தால் பென்சில் தடிமனில்தான் கேரட் கிடைக்கும். நான்கு மாதத்தில் தயார்.

பீட்ரூட் விதை என்று நாம் போடுவது உண்மையில் பல விதைகள் சேர்ந்த கொத்து. ஒன்று போட்டால் மூன்று முளைக்கும். ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிப் பொரியல் செய்யுங்கள். பீட்ரூட் கீரை சந்தையில் வாடித்தான் கிடைக்கும், தோட்டம் வைத்தவருக்கு மட்டும் பச்சையாகக் கிடைக்கும்.

பட்டாணியை இரவு ஊறவைத்து விதைத்து, பக்கத்திலேயே குச்சி நடுங்கள். குத்துப் பீன்ஸுக்குக் குச்சி தேவையில்லை, 50 நாளில் காய்க்கத் தொடங்கும். புதிதாகத் தோட்டம் போடுபவர் முதலில் விதைக்க வேண்டியது பீன்ஸ்தான். சீக்கிரம் காய்ப்பதால் மனசு விட்டுப்போகாது. நூல்கோலும் அப்படித்தான், டென்னிஸ் பந்து அளவிலேயே பறித்துவிடுங்கள். பெரிதானால் உள்ளே நார் ஓடிவிடும்.

உருளைக்கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். முளை விட்ட கிழங்கை 20 செ.மீ. இடைவெளியில் நட்டு, 45-ஆம் நாளும் 60-ஆம் நாளும் மண் அணைக்க வேண்டும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிவிடும், அதைச் சாப்பிடக் கூடாது. நீலகிரியில் 1961-இல் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு (உருளையின் வேரைத் தாக்கும் நுண்புழு) இன்னும் மண்ணில் இருக்கிறது. ஒரே இடத்தில் வருடா வருடம் உருளை போட்டால் அதற்கு நாமே விருந்து வைத்த மாதிரி. மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் அதே பாத்தியில் உருளை. நடுவில் கேரட், பீன்ஸ், பூண்டு. இந்தப் புழுவைத் தாங்குவதற்காகவே இங்கு வந்த ரகம் குஃப்ரி ஸ்வர்ணா. இலை நோய் வேறு இருக்கிறது. ஜூலையில் மூடுபனி விலகாமல் நாலு நாள் நின்றால் இலையில் கருகல் விழும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் மயில்துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு என்ற போர்டோ கலவையைக் கருகல் வருவதற்கு முன்பே தெளிக்க வேண்டும். வந்த பிறகு தெளிப்பது மனத்திருப்திக்குத்தான்.

முட்டைக்கோஸ் பாத்தியைச் சுற்றிக் கடுகு தூவிவிடுங்கள். கோஸைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கடுகு இலை பிடிக்கும்; கோஸ் தப்பிக்கும். மீறி வந்தால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 30 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு.

பூச்சியைவிடப் பெரிய விருந்தாளிகளும் உண்டு. முள்ளம்பன்றி உருளையைத் தோண்டும், காட்டுப்பன்றி மொத்தப் பாத்தியையும் உழும், காட்டெருமை நிதானமாக நின்று கோஸைக் கடிக்கும். வீட்டை ஒட்டிய பாத்தி, உறுதியான வேலி, இரவில் ஒரு விளக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தை வேலிக்கு இழுப்பது குற்றம், ஆள் உயிருக்கும் ஆபத்து. காட்டெருமை நிற்பதைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள். கோஸ் போனால் போகட்டும்.

இந்தக் காய்களெல்லாம் மலைக்கு வந்தவைதான். 1820-களில் உதகையில் வீடு கட்டிக் குடியேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் ஐரோப்பியக் காய்கறிகள் இங்கே கால் ஊன்றின. இன்று மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும் தாவரவியல் பூங்காவே முதலில் ஒரு காய்கறித் தோட்டம்தான். 1840-களில் உதகையில் இருந்த வெள்ளையர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, கட்டுப்படியாகும் விலையில் காய் கிடைக்க அதை ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் கோஸ் ஒரே வாரத்தில் முற்றியிருக்குமோ என்னவோ!

ஜூன்: ஊசியை எடுக்கும் நேரம்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஈர மண்ணைக் கொத்தக் கூடாது, மண் இறுகிவிடும். களை எடுக்கக்கூட வெயில் விட்ட நாள்தான் நல்லது. ஆக ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கை சும்மா இருக்கும். டிசம்பரில் போட வேண்டிய ஸ்வெட்டரை ஜூனில் தொடங்க வேண்டும் என்பது என் ஒரே பிடிவாதம்.

முதலில் கையைக் கவனியுங்கள். மண்வேலை செய்த விரல் வெடித்திருக்கும், நூல் அதில் மாட்டி இழுபடும். தேங்காய் எண்ணெய் தடவி (இங்கே அது பாதி வருடம் கட்டியாகத்தான் இருக்கும், அடுப்புப் பக்கம் வைத்து உருக்கிக்கொள்ளுங்கள்) அரை மணி நேரம் கழித்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊசியைத் தொடுங்கள். நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

நூல் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். விலை குறைவு, அடித்துத் துவைக்கலாம், குழந்தை துணிக்கு நல்லது. ஆனால் மழையில் நனைந்தால் கம்பளி தரும் கதகதப்பு அதில் வராது. தோட்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டருக்குக் கம்பளி, அல்லது கம்பளி கலந்த நூல் வாங்குங்கள். நீலகிரிக்கென்றே ஓர் ஆட்டு இனம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ போன்ற இனங்களைக் கலந்து உருவானது. மென்மையான ரோமம் தரும் ஆடு. சாண்டிநல்லாவில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காப்பாற்றி வளர்க்கிறார்கள்.

வாங்கும்போது லேபிளில் இருக்கும் லாட் எண்ணை, அதாவது ஒன்றாகச் சாயம் ஏற்றிய தொகுதியின் எண்ணை, பாருங்கள். ஒரே நிறம் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும், லாட் மாறினால் நெஞ்சுக்கு நடுவே ஒரு கோடு தெரியும். முழுதையும் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள்.

ஊசிக்கு எண் உண்டு. எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8-ஆம் எண் 4 மி.மீ., 10-ஆம் எண் 3.25 மி.மீ., 12-ஆம் எண் 2.75 மி.மீ. நடுத்தரத் தடிமன் நூலுக்கு 8-உம் 10-உம் இரண்டு ஜோடி போதும்.

சோதனைத் துண்டும் கணக்கும்

ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. பின்னலில் இருப்பது இரண்டே வகைக் கண்ணிதான். ஒன்று பிளெய்ன், இன்னொன்று பர்ல். அதைக் கையில் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். தெரிந்த ஒரு அக்காவிடம் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். எழுத்தில் நான் தரக்கூடியது கணக்கு.

8-ஆம் ஊசியில் 30 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை பிளெய்ன், ஒரு வரிசை பர்ல் என்று ஒரு சதுரம் பின்னுங்கள். நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளை எண்ணுங்கள். நடுத்தர நூலில் 22 கண்ணி வந்தால் சரி. 24 வந்தால் நீங்கள் இறுக்கிப் பின்னுகிறீர்கள், ஒரு படி தடித்த ஊசி, அதாவது 7-ஆம் எண், எடுங்கள். 20 வந்தால் நேர்மாறு. இந்தச் சதுரத்தைப் பின்னாமல் நேரடியாக ஸ்வெட்டருக்குப் போகிறவர்கள் எப்படியும் ஒரு ஸ்வெட்டரைச் சோதனைத் துண்டாக்கிவிடுவார்கள். நான் ஆக்கினேன்.

முதலில் மஃப்ளர். 46 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் பிளெய்னாகவே பின்னிக்கொண்டு போங்கள். 150 செ.மீ. நீளம் வந்ததும் கண்ணிகளை மூடுங்கள். 200 கிராம் நூல். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் முடியலாம். கண்ணி ஏற்றும்போது இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து ஏற்றினால் ஓரம் இறுகாது. ஐந்து வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள். 46 இருந்த இடத்தில் 49 இருந்தால் ஓரத்தில் எங்கோ கூடுதலாக எடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது குல்லா. 112 கண்ணி, இரண்டு பிளெய்ன், இரண்டு பர்ல் என்று 18 செ.மீ. அப்புறம் வரிசை முழுதும் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்து எடுங்கள், 56 ஆகும். ஒரு வரிசை பர்ல். மறுபடி இரண்டிரண்டாக, 28. ஒரு வரிசை பர்ல். இன்னொரு முறை, 14. நூலை வெட்டித் தையல் ஊசியில் கோத்து 14 கண்ணிக்குள்ளும் விட்டு இழுத்து முடிச்சிடுங்கள். பக்கத்தைத் தைத்தால் குல்லா தயார்.

இனி ஸ்வெட்டர். முதல் தடவை கை வைக்க வேண்டாம், கையில்லாத வி கழுத்து போதும். மண்வேலைக்கும் அதுதான் வசதி. மார்பு 90 செ.மீ. உள்ளவருக்குக் கணக்குச் சொல்கிறேன். தளர்வுக்கு 8 சேர்த்து 98, அதில் பாதி 49. ஒரு செ.மீ.க்கு 2.2 கண்ணி வீதம் 108, ஓரத்தையலுக்கு 2, ஆக 110. இதில் மார்பளவை மட்டும் மாற்றினால் யாருக்கும் கண்ணி எண்ணிக்கை கிடைத்துவிடும்.

பின்பக்கம்: 10-ஆம் ஊசியில் 110 கண்ணி ஏற்றி, ஒன்று பிளெய்ன், ஒன்று பர்ல் என்று 6 செ.மீ. பார்டர். 8-ஆம் ஊசிக்கு மாறி, ஒரு வரிசை பிளெய்ன், ஒரு வரிசை பர்ல். கீழிருந்து மொத்தம் 36 செ.மீ. ஆனதும் அக்குள். அடுத்த இரண்டு வரிசைகளின் தொடக்கத்தில் ஆறு ஆறு கண்ணி மூடுங்கள். பிறகு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி குறையுங்கள், எட்டு தடவை. 82 மிஞ்சும். அக்குளிலிருந்து 22 செ.மீ. வரை நேராகப் பின்னி, தோளுக்கு இரு பக்கமும் 23 கண்ணி, நடுவே கழுத்துக்கு 36 என்று பிரித்து மூடிவிடுங்கள்.

முன்பக்கமும் 82 வரை இதேதான். அங்கே 41, 41 எனப் பிரித்து, ஒரு பாதியை வேறு ஊசியில் ஓய்வெடுக்க விடுங்கள். மற்ற பாதியில் கழுத்து ஓரமாக ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஒரு கண்ணி குறைத்து 23 வரை கொண்டுவாருங்கள். பின்பக்க உயரம் வரும்வரை பின்னி மூடுங்கள். மறுபாதிக்கு ஓரம் மட்டும் எதிர்ப்புறம். தோள்களைத் தைத்து, கழுத்திலும் அக்குளிலும் 10-ஆம் ஊசியால் கண்ணி எடுத்து 2 செ.மீ. பார்டர் பின்னி, பக்கங்களைத் தைத்துவிடுங்கள். மொத்தம் 350 கிராம் நூல்.

கண்ணி நழுவினால் பதறாதீர்கள். ஒரு குரோஷா ஊசியை வைத்து ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு கம்பியாக மேலே ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம். இருபது வரிசைக்கு முன்னால் ஏற்பட்ட பிசகென்றால் பிரித்துவிடுங்கள். "யாருக்குத் தெரியப்போகிறது?" என்று விட்டால், போட்ட அன்றே பக்கத்து வீட்டு அம்மா கண்டுபிடித்துவிடுவார்.

சமையலறையிலிருந்து நூலுக்கு

வெள்ளைக் கம்பளி நூல் கிடைத்தால் வீட்டிலேயே சாயம் ஏற்றலாம். பீட்ரூட்டைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். பார்க்க அழகாக ஏறும், வெயில் பட்டதும் போய்விடும். வெங்காயத் தோல்தான் நம்பகமானது. 100 கிராம் நூலுக்கு 10 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நனைத்த நூலை அதில் ஒரு மணி நேரம் மெல்லிய சூட்டில் வையுங்கள். நூலின் எடைக்குச் சமமாக வெங்காயத் தோலைத் தனியே கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் நூலைப் போட்டு மறுபடி மெல்லிய சூடு. பொன் மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை வரும். தளதளவென்று கொதிக்கவிட்டாலோ கிளறினாலோ கம்பளி சுருங்கித் தடித்துவிடும். அக்ரிலிக்கில் இது பிடிக்கவே பிடிக்காது.

பறிப்பதும் வைப்பதும்

பட்டாணியை அடுப்பில் தண்ணீர் கொதித்த பிறகு போய்ப் பறியுங்கள். பறித்த சில மணி நேரத்தில் அதன் இனிப்பு மாவாக மாறத் தொடங்கிவிடும். கடையில் வாங்கும் பட்டாணிக்கும் தோட்டத்துப் பட்டாணிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். கேரட்டின் தழையை வெட்டிவிட்டு, ஈர மணல் நிரப்பிய பெட்டியில் அடுக்கினால் வாரக்கணக்கில் கெடாது. தழையை விட்டுவைத்தால் அது கேரட்டின் ஈரத்தை உறிஞ்சும். உருளை இருட்டில், காற்றோட்டமாக. நூல்கோலை இளசாகப் பறித்துச் சாம்பாரில் போடுங்கள். இலையைப் பருப்போடு கூட்டு வைக்கலாம்.

டிசம்பர்

பள்ளத்தில் இருக்கும் பாத்தியில்தான் உறைபனி முதலில் இறங்கும், ஏனென்றால் குளிர்ந்த காற்று கீழே வந்து தங்கும். அதனால் பனிக்காலத்தில் பீன்ஸும் உருளையும் மேட்டுப் பாத்தியில், பனி தாங்கும் கேரட், பீட்ரூட், பட்டாணிச் செடி கீழே. பட்டாணி பூ விட்ட பிறகு பனி பட்டால் மட்டும் காய் பிடிக்காது. தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடிவைப்பார்கள். நாம் பழைய சாக்கும் காய்ந்த புல்லும் போடலாம். மூட மறந்துவிட்டால், வெயில் படுவதற்கு முன்பே எழுந்து இலைமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுங்கள்.

அந்த நேரத்துக்கு ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது. போனால் முழங்கால் வரை மண்ணும், மார்பில் கேரட் தழைக் கறையும் ஆகும். கம்பளியென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு கொஞ்சம் விட்டு முக்கி எடுங்கள், கசக்கவோ முறுக்கவோ வேண்டாம். துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்துவிட்டு, கட்டில்மேல் தட்டையாக விரித்துக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால், 36 செ.மீ. என்று அளந்து பின்னியதெல்லாம் முழங்கால்வரை வந்துவிடும்.